ரிவால்வரா, பிஸ்டலா? காவல்துறை ஏன் மாறியது?

சினிமாவில் ஹீரோ ஒரே ரிவால்வரால் பத்துப் பேரைச் சாய்ப்பார். தோட்டா தீரவே தீராது! ஆனால் சிங்கப்பூர்க் காவல்துறை அதிகாரிகள் பல ஆண்டுகளாக இடுப்பில் வைத்திருந்த ரிவால்வரில் மொத்தமே 5 தோட்டாதான்.

பிரேசில் நிறுவனம் தயாரித்த டாரஸ் 85 ரகம் அது. அதற்குப் பதிலாக ஆஸ்திரியாவின் கிளாக் 19 பிஸ்டல் கொண்டுவரப்பட்டது. ஏன் இந்த மாற்றம்?

ரிவால்வர் எப்படி வேலை செய்கிறது?

தோட்டாக்கள் உருளை வடிவ சிலிண்டருக்குள் இருக்கும். விசையை இழுக்கும்போது சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வரும். பின்னால் போகும் சுத்தியல் திரும்பி வந்து தோட்டாவின் அடியில் அடிக்கும். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்ற ரிவால்வரில், ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துவிட வேண்டும். பிறகு வந்தவற்றில் விசையே எல்லா வேலையையும் செய்துவிடும்.

அப்போ விசை ஏன் அவ்வளவு கனமா இருக்கு?

ஒரே இழுப்பில் சிலிண்டரையும் சுழற்றி, சுத்தியலையும் தூக்க வேண்டும். அதற்குப் பொதுவாக 4 முதல் 5 கிலோ விசை தேவை. கிளாக்கில் சுமார் 2.5 கிலோ போதும்.

குறை மாதிரித் தெரிந்தாலும் இதுதான் ரிவால்வரின் பாதுகாப்பு. பதற்றத்தில் விரல் லேசாகப் பட்டால் வெடிக்காது. வேண்டுமென்றே நீளமாக இழுக்க வேண்டும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் பயமில்லை. மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது தயார். பிஸ்டலில் அப்படியில்லை, பழுதான தோட்டாவை முதலில் வெளியே தள்ள வேண்டும்.

விசையை லேசாக்க முடியாதா?

அமெரிக்காவில் சிலர் சுருள்வில்லை மாற்றி லேசாக்குகிறார்கள். ஆனால் சுத்தியலுக்கு வேகம் கொடுப்பதும் அதே வில்தான். அது தளர்ந்தால் அடி பலமாக விழாது. முக்கியமான நேரத்தில் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்கும். போலீஸ் வேலைக்கு அது சரிப்படாது. விசையை மாற்றுவதைவிட விரலைப் பழக்குவதே நல்லது.

பிறகு ஏன் பிஸ்டல்?

ஆபத்தின் தன்மை மாறிவிட்டது. 2015 நவம்பரில் பாரிசில் ஒரே இரவில் பல இடங்களில் தாக்குதல் நடந்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் அவசர நடவடிக்கைக் குழுக்கள் அறிமுகமாயின. பல துப்பாக்கிக்காரர்களை எதிர்கொள்ள 5 தோட்டா போதாது. கிளாக் 19இன் வழக்கமான மேகசின் 15 தோட்டா கொள்ளும். மேகசினை மாற்றுவதும் சில விநாடி வேலைதான். ஆனால் விசை லேசு என்பதால், சுடும் முடிவு எடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். பயிற்சி அதனால் இன்னும் முக்கியம்.

வேட்டைத் துப்பாக்கி எப்படி?

வேட்டைக்காரருக்கு முதல் குண்டே முக்கியம். அதனால் நீண்ட குழல், தோளில் அணைக்கும் கட்டை, தொலைநோக்கி என்று எல்லாமே குறி தவறாமல் இருக்கத்தான். மலேசியாவில் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க, உரிமத்தோடு 'செனாபாங் பாத்தா' எனும் மடிப்புத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் மடித்துத் தோட்டா போடும் வகை அது.

சட்டம் என்ன சொல்கிறது?

• சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி.

• குற்றத்தின்போது சுட்டால், அல்லது சுட முயன்றால், மரண தண்டனை. யாருக்கும் காயம் ஏற்படாவிட்டாலும்தான்.

• மலேசியாவில் உரிமமின்றி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி.

தேசியச் சேவையில் இருக்கும் தம்பிகளே, ஒரு விஷயம். சுடும் பயிற்சி முடிந்ததும் 'ஞாபகத்துக்கு ஒண்ணு' என்று தோட்டாவைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதுவும் குற்றம்தான். சுடுவதில் உண்மையிலேயே ஆர்வமா? துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் சேருங்கள். 2018 காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 2 தங்கம் வென்றது இந்த விளையாட்டில்தான்.