லாரி பேக்கரும் எங்கள் பலா மரமும்

நாகர்கோவிலில் அப்பா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 1986-ல் காங்கிரீட் வீடு கட்டினேன். பிளானுக்கு இடைஞ்சலாக நின்ற பலா மரத்தையும் வெட்டினேன். அடுத்த சித்திரையில், உள்ளே படுக்க முடியாமல் அம்மா பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகொரு நாள் திருவனந்தபுரத்தில் சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகத்தைப் பார்த்தேன். மேடு பள்ளத்தைச் சமப்படுத்தாமல், மரங்களை விட்டுவிட்டு, சுவர்கள் வளைந்து போயிருந்தன. கட்டியவர் லாரி பேக்கர் என்றார்கள்.

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவப் பணி செய்துவிட்டுத் திரும்பும் வழியில், கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 5 மைல் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். பேக்கர் அதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1945-ல் தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டடம் அமைக்க இந்தியா வந்தார். மலையாளியான டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலையில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வசித்தார். மலைவாசிகள் அங்குள்ள கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு கட்டிய வீடுகள்தாம் தனக்குப் பாடம் என்பார். 1963-ல் கேரளத்து வாகமண்ணுக்கும், பின்னர் திருவனந்தபுரத்துக்கும் வந்தார். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவு ஒன்றில், சரிவை வெட்டாமலேயே தன் வீட்டைக் கட்டிக்கொண்டார்.

அவர் முறைகள் எளியவை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கட்டினால் சுவருக்குள் வெற்றிடம் உண்டாகும். கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். கூரை காங்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் கம்பியும் குறையும், சூடும் குறையும். ஜன்னலுக்குப் பதில் துளை விட்டுக் கட்டிய செங்கல் சுவர். பூச்சு கிடையாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது என் வீட்டுக் கடனில் பாதிகூட அடையவில்லை. அப்பா வீட்டின் தாழ்வாரமும் ஓடும் மரமும் செய்த வேலையைத்தான் பேக்கர் புதிய கட்டடங்களில் செய்தார். நான் காசு கொடுத்து அதை இடித்தேன்.

பேக்கர் 2007-ல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அவர் இருக்கும்போதே மொட்டைமாடியில் ஓட்டுக் கூரை போட்டேன். சூடு கொஞ்சம் தணிந்தது. கொல்லையில் ஒரு பலாக் கன்றும் வைத்தேன். அது நிழல் தரும் அளவுக்கு வளர்ந்தபோது, பாய் விரிக்க அம்மா இல்லை.

வீடு கட்டப் போகிறவர்கள் பிளான் போடும் முன் ஒரு மத்தியான நேரம் மனையில் போய் நில்லுங்கள். நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.