சி-யும் டி-யும்: ஒரு பாகப்பிரிவினை வரலாறு

"சி டிரைவ் நிரம்பிடுச்சு சார், டி-ல இடம் சும்மா கிடக்கு. கொஞ்சம் எடுத்துக் கொடுத்துடலாமா?" மைசூரில் நம்மவர்கள் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். வங்கிக்காரனிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், நான் ஒருமுறை சூடுபட்டவன்.

கதை 1983-ல் தொடங்குகிறது. ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் வந்தது. ஒரே டிஸ்க்கில் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் இருக்க வழி வேண்டுமே? முதல் 512 பைட்டுக்குள் ஒரு குட்டி அட்டவணை போட்டார்கள். மொத்தம் நான்கே வரிகள். எந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விவரம் அதில் இருக்கும். எங்கள் பாஷையில் லெட்ஜரின் இண்டெக்ஸ் பக்கம்.

டாஸில் அப்போது ஒரு பாகம் 32 எம்பியைத் தாண்ட முடியாது. டிஸ்க்குகள் பெருத்ததும் 1987-ல் டாஸ் 3.3 எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனைக் கொண்டுவந்தது. ஒரே டிஸ்க்கை சி, டி, இ என்று கூறுபோடும் பழக்கம் அப்படிப் பரவியது. ஆனால் எஃப்டிஸ்க்கால் பாகத்தை அழிக்கலாம், புதிதாகப் போடலாம், அவ்வளவுதான். உள்ளே இருப்பதைக் காப்பாற்றி அளவை மாற்ற, 90களில் பார்ட்டிஷன் மேஜிக் போன்ற மென்பொருட்கள் வர வேண்டியிருந்தது. 2007-ல் விஸ்டாவிலேயே அந்த வசதி வந்துவிட்டது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் குடித்தனம் நடத்தின.

இனி என் சூடு. 2006, எக்ஸ்பி காலம். சி-யைப் பெரிதாக்க டி-யின் தொடக்கத்தையே தள்ள வேண்டும். அப்படியென்றால் டி-யில் உள்ள அத்தனையையும் ஒவ்வொன்றாக நகர்த்தி எழுத வேண்டும். பாதியில் கரண்ட் போனது, யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டது. மகளின் காதுகுத்துப் படங்கள் அதோடு போயின. மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். பேக்கப் எடுக்காதது நான். தாய்மாமன் மடியில் அவள் அழுத படம் எங்களிடம் இன்றும் இல்லை.

அதனால் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்:

1. முதலில் படங்களையும் கணக்குகளையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். அதிலிருந்து இரண்டு கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.
2. செக்டிஸ்க் ஓட்டிப் பிழை இல்லையென்று உறுதிசெய்யுங்கள்.
3. பாகத்தின் வால் பக்கத்தைக் குறைப்பதில் ஆபத்து குறைவு. தலைப் பக்கத்தை நகர்த்துவதில் ஆபத்தும் அதிகம், நேரமும் அதிகம்.
4. மடிக்கணினியென்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

இப்போதைய ஜிபிடி முறையில் அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கிறது. ஆனால் அது இண்டெக்ஸுக்குத்தான் நகல், லெட்ஜருக்கு அல்ல. லெட்ஜரின் நகல் உங்கள் பொறுப்பு.