பாப்புலிஸ்ட் கட்சிக்கு யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

'பாப்புலிசம்' என்றால் இலவச டிவி, இலவச மிக்ஸி என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பணவாட்டம் பற்றிய பாடத்துக்காகப் படிக்கப் போய்த்தான் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன். காமர்ஸ் மாணவன் வரலாறு எழுதுகிறானே என்று பயந்துவிடாதீர்கள், நடுவில் கணக்கும் வருகிறது!

முதலில் ஒரு விளக்கம். சாதாரண ஜனங்கள் நல்லவர்கள், மேலே இருக்கும் ஒரு சின்னக் கூட்டம் எல்லாவற்றையும் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொண்டது, ஆட்சி ஜனங்கள் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். இப்படி நினைப்பதைத்தான் அரசியல் அறிவியலில் பாப்புலிச மனநிலை என்கிறார்கள். டீக்கடையில் "எல்லாரும் கூட்டுக் களவாணிங்க" என்று சொல்கிறவர் ஞாபகம் வருகிறதா? ஆனால் அப்படிச் சொல்கிற எல்லோரும் புதுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிடுவதில்லை. அப்படியானால் எப்போது போடுகிறார்கள்?

இதற்கு 1890களின் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1873இல் வந்த ஒரு சட்டம், வெள்ளியைத் தாராளமாக நாணயமாக்கும் வழியை அடைத்தது. 1879இலிருந்து தாள் பணத்துக்கு ஈடு தங்கம்தான். உற்பத்தி வளர்ந்த வேகத்துக்குத் தங்கம் வளரவில்லை. விளைவு, விலைகள் வருஷக்கணக்காக இறங்கின. 1894இல் பருத்தி பவுண்டுக்கு 6 சென்ட்டுக்கும் கீழே போனது.

விலை இறங்கினால் நல்லதுதானே என்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு விவசாயிக்கு 500 டாலர் கடன். ஒரு பேல் பருத்தி 500 பவுண்டு. பவுண்டு 10 சென்ட் விற்றால் பேலுக்கு 50 டாலர், 10 பேல் விற்றுக் கடனை அடைத்துவிடலாம். அதுவே 5 சென்ட் ஆனால் 20 பேல் வேண்டும். பத்திரத்தில் கடன் அதே 500தான், வயலில் அது இரண்டு மடங்கு! இதோடு ரயில் கட்டணம் வேறு, விளைச்சலை அடமானம் பிடித்துக் கடன் தரும் கடைக்காரரின் வட்டி வேறு.

விவசாயிகள் உடனே கட்சி ஆரம்பித்துவிடவில்லை. முதலில் சங்கம் வைத்தார்கள், கூட்டுறவு முறையில் சேர்ந்து வாங்கி விற்றுப் பார்த்தார்கள். டெக்சாஸில் அந்த முயற்சி, வங்கிகள் கடன் தராததால் படுத்துவிட்டது. பெரிய கட்சிகள் இரண்டும் அவர்கள் கேட்டதைச் செய்வதாக இல்லை. அதற்குப் பிறகுதான் மக்கள் கட்சி உருவானது. 'பாப்புலிஸ்ட்' என்ற பெயர் இவர்களுக்கு வந்ததுதான். 1892 ஜூலையில் ஒமாஹா நகரில் மாநாடு கூட்டி ஜேம்ஸ் வீவரை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தினார்கள். 10 லட்சத்துக்கு மேல் ஓட்டு, 4 மாநிலங்களில் வெற்றி! கோதுமை விளையும் கான்சாஸ் ஒன்று. கொலராடோ, நெவாடா, ஐடஹோ மூன்றும் வெள்ளிச் சுரங்கப் பகுதிகள்.

ஆனால் 1896இல் ஜனநாயகக் கட்சியே வெள்ளிக் கோரிக்கையைக் கையில் எடுத்து வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தியது. மக்கள் கட்சியும் அவரையே ஆதரித்தது. அவர் தோற்றார், மக்கள் கட்சியும் கரைந்துபோனது. தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பிறகு க்ளாண்டைக்கிலிருந்தும் புதுத் தங்கம் வர, விலைகளும் ஏறின.

ஆக, மனநிலை மட்டும் ஓட்டாக மாறுவதில்லை என்று எனக்குப் படுகிறது. வீட்டுக் கணக்கில் அடி விழ வேண்டும், பெரிய கட்சிகள் காது கொடுக்காமல் இருக்க வேண்டும், "இதற்குக் காரணம் இவர்கள்தான்" என்று ஒருவர் கைகாட்ட வேண்டும்.

இதில் ஆபத்தானது மூன்றாவதுதான். ஜார்ஜியாவின் டாம் வாட்சன் 1892இல் கறுப்பு, வெள்ளை விவசாயிகள் ஒன்றுசேர வேண்டும் என்று பேசியவர். அதே மனிதர் பிற்காலத்தில் கறுப்பர்கள் மீதும் கத்தோலிக்கர்கள் மீதும் யூதர்கள் மீதும் வெறுப்பைக் கக்கினார். 1920இல் செனட்டுக்கும் ஜெயித்தார். கோபத்துக்குத் திசை கிடையாது, காட்டுகிற கைதான் திசை. நெதர்லாந்து வாக்காளர்களை வைத்து அக்கர்மேன், மூடே, சாஸ்லோவ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்விலும் இதற்கு ஒத்த முடிவு இருக்கிறது. பாப்புலிச மனநிலை அதிகம் உள்ளவர்கள் அங்கே இடதுசாரி சோஷலிஸ்ட் கட்சிப் பக்கமும் இருந்தார்கள், வலதுசாரி சுதந்திரக் கட்சிப் பக்கமும் இருந்தார்கள்.

இந்த மாதிரிக் கட்சிகளுக்கு ஓட்டுப் போடுகிறவர்களை முட்டாள்கள் என்று நானும் வகுப்பில் பேசியிருக்கிறேன். ஆனால் ஒமாஹாவில் கேட்ட வருமான வரியும் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் 1913இல் அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டன. அந்த விவசாயிகள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் கணக்கை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை டீக்கடையில் அந்தக் குரல் கேட்டால், சிரிப்பதற்கு முன் அவருக்கு எவ்வளவு கடன் என்று கேட்டுப் பார்ப்போமா?