தட்டின் கணக்கும் கரண்டி பிடித்த கையும்

மாணவர் நலக் கொள்கை என்றதும் அரசாணையும் ஆய்வுக் கூட்டமும்தான் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் அந்தக் கொள்கை நூறாண்டுகளாகச் சோற்றுத் தட்டில் எழுதப்பட்டு, அங்கேயே திருத்தப்பட்டும் வந்திருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்தையும் அறிவித்தவர் யார் என்று பாடநூல் சொல்கிறது. பொங்கிப் போட்டவள் யார் என்று சொல்வதில்லை.

1920-இல் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற காமராஜர், முதலமைச்சரானபின் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அரசு ஏற்றுக்கொண்ட வரலாறு இது. எல்லா வீட்டுத் தாய்மாருக்கும் முன்பே தெரிந்த செய்திதான்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில்தான் சமைக்கும் பெண் அரசின் கண்ணில் பட்டாள். மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை. நல்ல காரியத்தில் எதிரே வரக்கூடாதென்று ஒதுக்கப்பட்ட கைம்பெண், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அன்னமிடுகிறவள் ஆனாள். இது பெரிய மாற்றம். ஆனால் அவளுக்குக் கிடைத்தது மறுவாழ்வாகக் கருதப்பட்டதே தவிர, உழைப்பாக மதிக்கப்படவில்லை. 2009-இல் ஒன்றிய அரசு சமையல் பணியாளருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று, அதுவும் ஆண்டுக்குப் 10 மாதங்களுக்கு மட்டும் நிர்ணயித்தது. அதன் பெயர் மதிப்பூதியம். மீதி இரண்டு மாதம் பள்ளிக்கு விடுமுறை. பசிக்கு விடுமுறை ஏது? தமிழ்நாடு கூடுதலாகத் தருகிறது. ஆயினும் முறையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் சத்துணவு ஊழியர்களின் தீராத கோரிக்கைகளாகவே இருக்கின்றன.

தட்டு மட்டும் தொடர்ந்து திருத்தப்பட்டது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 2010-இல் வாரத்துக்கு ஐந்து. பிறகு கலவைச் சாதங்கள். ஒவ்வொரு திருத்தமும் பிள்ளைக்கு நன்மை. அடுப்படியில் நிற்பவளுக்குக் கூடுதல் வேலை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது சமையல் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் போனது. நிரந்தரப் பணியில்லாத இன்னொரு பெண்கள் வரிசை உருவானது.

சாதியும் இந்த அடுப்படிக்குள் உண்டு. சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. அப்படியிருந்தும் 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஓர் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாதென்று ஊரார் பள்ளியை முற்றுகையிட்டார்கள். முதலில் இடமாற்றப்பட்டவர் அந்தப் பெண்தான். போராட்டம் எழுந்தபிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. யார் கையால் உண்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத நலக் கொள்கை பாதிக் கொள்கைதான்.

மௌனம் காத்த இன்னொரு பக்கமும் உண்டு. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் தறிகள் மருத்துவக் கட்டுத்துணி நெய்கின்றன. அது தொலைதூர மருத்துவமனைகளில் காயம் கட்டுகிறது. பள்ளிச் சிறுமியின் மாதவிடாய்க்கு உறிஞ்சும் பஞ்சு தேவை என்பதோ, 2011-இல் அறிவிக்கப்பட்டு 2012-இல் நடைமுறைக்கு வந்த இலவச நாப்கின் திட்டம்வரை அரசின் கணக்கில் ஏறவில்லை. பசியைப் பற்றிப் பேச அரசுக்குக் கூச்சமில்லை. உதிரத்தைப் பற்றிப் பேச, ஆயிரம் விளக்கிலிருந்து எண்ணினால் தொண்ணூறு ஆண்டு பிடித்தது. நாப்கின் வந்தால் மட்டும் போதாது. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், பயன்படுத்தியதைப் போட ஓர் இடம் ஆகியவையும் வேண்டும்.

அடுத்த திருத்தம் எழுதப்படும்போது மேசையைச் சுற்றி அதிகாரிகளும் ஊட்டச்சத்து நிபுணர்களும் இருப்பார்கள். சமையலரும் வேண்டும், எட்டாம் வகுப்புச் சிறுமியும் வேண்டும். எந்தச் சாப்பாடு மீந்து கொட்டப்படுகிறது என்று முன்னவளுக்குத் தெரியும். எந்த நாளில் ஏன் பள்ளிக்கு வர முடிவதில்லை என்று பின்னவளுக்குத் தெரியும். கொள்கைக்குத் தேவையான ஆய்வறிக்கை அவர்களிடம் இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்வதுதான் பாக்கி.