பிடியரிசியும் அறுப்பின் பண்டிகையும்: திண்டிவனம், விழுப்புரம் வட்டாரச் சபைகளின் காணிக்கை வரலாறு பற்றி ஒரு நோக்கு

ஆவணி மாதப் பிற்பகுதி தொடங்கி ஐப்பசி மழை பிடிக்கும்வரை, திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட நம் கிராமச் சபைகளுள் ஏதேனும் ஒன்றில் ஏறக்குறைய ஞாயிறுதோறும் அறுப்பின் பண்டிகை நடைபெறக் காணலாம். பிரசங்க பீடத்தின் இருபுறமும் வாழை கட்டியிருக்கும். பூசணியும் தேங்காயும் மல்லாட்டைக் கொத்தும் பீடத்தின் முன் குவிந்திருக்கும். கால் கட்டப்பட்ட கோழிகள் பிரசங்கத்தின் நடுவே குரல் கொடுக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலம் முடிந்ததும் பந்தி. வார இறுதி ஊழியத்திற்குச் செல்லும் மாணவர் எவருக்கும் இக்காட்சி புதிதன்று. பழகிப்போனதனாலேயே இது எங்கிருந்து வந்தது, யாருடைய பண்டிகை என்று நாம் கேட்பதில்லை. இக்கேள்விக்கு விடை தேடப் புகின், நம் சபைகளைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு பழிச்சொல்லுக்கும் விடை கிடைக்கிறது என்பது நம் கருத்து.

பெயரளவில் இது மேனாட்டிலிருந்து வந்த பண்டிகையே. 1662ஆம் ஆண்டு ஆங்கில ஜெபப் புத்தகத்தில் அறுப்பின் பண்டிகைக்கென்று தனி ஆராதனை முறைமை இல்லை. கார்ன்வால் நாட்டு மார்வென்ஸ்டோ என்னும் கடற்கரைக் கிராமத்தின் குருவான ராபர்ட் ஹாக்கர் 1843இல் புது மாவினால் அப்பம் செய்து நற்கருணை ஆசரித்ததே இன்றைய வழக்கத்தின் தொடக்கம் எனக் கூறுவர். அமெரிக்கரிடையே நன்றி செலுத்தும் நாள் அதனினும் பழையது. எனினும் நவம்பர் மாதத்தில் நாடு முழுவதும் ஒரே நாளாய் அனுசரிக்கும் வழக்கம் 1863இல் லிங்கன் விடுத்த அறிக்கையின் பின்னரே நிலைபெற்றது. திண்டிவனம் வட்டாரத்தில் பணிபுரிந்த மிஷனெரிமார் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையினர். ஆங்கிலிக்கன் வழக்கமும் அமெரிக்க வழக்கமும் ஒருங்கே நம்மை வந்தடைந்தன என்று கொள்வதில் தவறில்லை.

ஆயினும் நாட்காட்டியைக் கவனித்தால் ஒரு முரண் தெரிகிறது. ஏரிப்பாசனத்தை நம்பிய இவ்வட்டாரத்தில் பெரிய அறுவடை சம்பா. அது தை, மாசியில் களத்துக்கு வருவது. புரட்டாசியில் சம்பா நாற்று நட்டு வேர் பிடிக்கும் காலம். அறுப்பின் பண்டிகை கொண்டாடும் சபையாரைச் சுற்றிலும் வயல் பச்சையாகவே நிற்கும். கையில் இருப்பது சொர்ணவாரி நெல்லும், மானாவாரிக் கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டையும், கேழ்வரகும், கம்பும் மட்டுமே. இப்பொருத்தமின்மையைச் சுட்டிப் பண்டிகையைத் தைக்கு மாற்றவேண்டும் என்று வாதிட்டவர் உண்டு. நாமும் இளமையில் அவ்வாறு வாதிட்டோம். இப்பொழுது அத்துணை உறுதியாகச் சொல்ல மாட்டோம். நெல் நிலமுடையோரின் பயிர். கேழ்வரகும் மல்லாட்டையும் நம் சபையாரின் அடுப்புக்கும் கூலிக்கும் நெருங்கியவை. பண்டிகை அவர்களுடைய பருவத்தில்தான் நிற்கிறது.

மேலும், மேனாட்டுப் பெயருக்குக் கீழே உள்நாட்டு வழக்கம் ஒன்று புதைந்து கிடக்கிறது. பழைய தென்னார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் களத்தில் நெல் அளக்கும்போது, மேல்வாரமும் குடிவாரமும் பிரியுமுன், ஊர்த் தெய்வத்திற்கும், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், தலையாரி, வெட்டியான் முதலிய ஊழியக்காரருக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பர். இதற்கு மேரை என்றும் களத்துச் சுதந்திரம் என்றும் பெயர். படியால் கூலி அளக்கப்பெற்றதனால் படியாள் எனப்பட்ட நிலமற்ற உழைப்பாளியும் அக்களத்தில் நின்றவரே. ஆனால் அவர் பெறுகிறவராக நின்றார். எடுத்து வைக்கிறவராக ஒருநாளும் நின்றதில்லை. உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கூடையில் கொண்டுவந்து ஆசாரியன் முன் வைப்பவன், தன் முன்னோர் அடிமைகளாயிருந்த கதையைச் சொல்லிக்கொண்டே வைக்கிறான். படியாளின் குடும்பம் முதன்முதலாய் ஒரு முறம் தானியத்தைப் பீடத்தின் முன் வைத்தபோது, பெறுகிற கை கொடுக்கிற கையாயிற்று. இவ்வதிகாரத்தை நம் கிராமச் சபைகளில் விளக்க அதிகச் சொற்கள் தேவைப்படுவதில்லை.

அக்குடும்பங்கள் திருச்சபைக்கு வந்த வரலாறு மாணவர் அறிந்ததே, சுருக்கமாகக் கூறுவோம். ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்னும் ஸ்கடர் சகோதரர் மூவர் 1853இல் ஆற்காட்டு மிஷனை நிறுவினர். 1857இல் அது அமெரிக்கன் போர்டிடமிருந்து சீர்திருத்தத் திருச்சபையின் பொறுப்புக்கு மாறியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டங்கூட்டமாய்த் திருச்சபையில் சேர்ந்தனர். நெல்லையிலும் தெலுங்கு நாட்டிலும் அவ்வாறே நேர்ந்தது. ஓங்கோலில் பஞ்ச காலத்தில் ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்திருந்த கிளப் ஐயர், 1878 ஜூலையில் அதை மீண்டும் தொடங்கியபோது ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பது புகழ்பெற்ற செய்தி.

இங்கேதான் அந்தப் பழிச்சொல் பிறந்தது: அரிசிக் கிறிஸ்தவர்கள். மேனாட்டு விமரிசகரும், நம் நாட்டு மேல்சாதியாரும், சொல்லக் கூசுகிறது, பழைய கிறிஸ்தவர் சிலரும் இதை வழங்கினர். பஞ்சத்தில் பசித்தவன் உணவு கிடைக்கும் இடத்தை நாடினான் என்பதை மறுக்க வேண்டியதில்லை; வனாந்தரத்தில் இஸ்ரவேலரும் அப்பத்துக்காகவே முறுமுறுத்தனர். நாம் கேட்பது வேறு. வாங்கிய அரிசியைப் பற்றி இத்துணை பேசிய வரலாறு, கொடுத்த அரிசியைப் பற்றி ஏன் பேசவில்லை?

கொடுத்த அரிசி என்று நாம் சொல்வது பிடியரிசியை. உலைக்கு அரிசி அளந்தபின் அதினின்று ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவது. ஞாயிறன்று அதை ஆலயத்துக்குக் கொண்டுவருவது. எடுப்பவள் வீட்டுத் தலைவி. கணவன் கூலி முழுவதையும் கள்ளுக்கடையில் விட்டு வந்தாலும், உலையரிசியின்மேல் அவளுக்கே அதிகாரம். சந்தாவும் தசமபாகமும் ஆண்களின் பெயரில் எழுதப்பட்ட காலத்தில் பெண்களுக்கென்றிருந்த ஒரே காணிக்கை இதுவே எனலாம். அவள் எடுத்தது மிச்சத்தினின்று அன்று, பற்றாக்குறையினின்று; அந்தப் பிடி அன்றிரவு ஒரு குழந்தையின் தட்டில் குறையும். சேர்ந்த அரிசியில் உபதேசியார் குடும்பம் உண்டது. எஞ்சியது விற்றுப் பணமாயிற்று.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. டோர்ணக்கல் பேராயர் அசரியா தம் ஏழைச் சபைகளில் இதனைப் பெரிதும் வளர்த்து, கிறிஸ்தவக் காணிக்கையைப் பற்றித் தனி நூலும் எழுதினார். மிசோராமில் 1910இல் தொடங்கிய பிடியரிசி இன்றும் அங்குள்ள திருச்சபைப் பணிகளைப் பெருமளவில் தாங்குகிறது. இந்து சமயத்தாரிடையே காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடியரிசித் திட்டத்தை வற்புறுத்தியதும் பலர் அறிந்ததே. பிச்சைக்கு வருபவனுக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பது தமிழ் வீடுகளின் பழைய அறம். நம் பெண்கள் அதை ஆலயத்தை நோக்கித் திருப்பினர்.

திண்டிவனம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஐடா ஸ்கடர் அம்மையாரின் அழைப்பே. 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு, பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்காக மூவர் வந்து உதவி கேட்டதும், ஆண் மருத்துவரை அனுமதியாமையால் மூன்று பெண்களும் மரித்ததும் திண்டிவனம் மிஷன் பங்களாவில் நிகழ்ந்தவை. அவர் மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு வேலூர் மருத்துவமனை 1902இல் எழுந்தது. அந்த நன்கொடையை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். அது கல்லிலும் நூலிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டுகளில் அதே வட்டாரத்துச் சேரிகளில் கலயத்தில் விழுந்த பிடிகளுக்குக் கல் இல்லை. நன்கொடை அளித்தவருக்குப் பெயர் உண்டு. பெற்றவருக்குத் தொகை உண்டு. கொடுத்த ஏழைக்கு இரண்டும் இல்லை. நம் திருச்சபை வரலாற்று நூல்களின் பெருங்குறை இது.

பந்தியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தெற்கே நெல்லைச் சபைகளின் அசனம் புகழ்பெற்றது. நம் பண்டிகைப் பந்தி அத்துணை பெரிதன்று. ஆனால் இவ்வட்டாரத்தில் கூடி உண்பது எளிய காரியமாய் இருந்ததில்லை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிமார் மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் கூடி உண்ணச் சம்மதியாதவரை ஞானஸ்நானத்திற்கு ஏற்கலாகாது என்று தீர்மானித்தது. லைப்சிக் மிஷன் இதில் மென்மையான போக்கைக் கைக்கொண்டது. அதனை ஏற்காமல் பிரிந்த கார்ல் ஓக்ஸ் ஐயர் பண்ணுருட்டியை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார்; அவரோடு இணைந்த டேனிஷ் மிஷனின் பயனே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. சோற்றுப் பந்தியின் பொருட்டு ஒரு மிஷன் பிரிந்து, மற்றொரு திருச்சபை பிறந்த மண் இது. பண்டிகைப் பந்தியில் பெரிய வீட்டார் சிலர் ‘நேரமாகிறது’ என்று சொல்லிப் புறப்படுவதைக் காணும் இளம் போதகர் இவ்வரலாற்றை நினைத்துக்கொள்வாராக.

விழுப்புரத்தின் கதை சற்று வேறு. புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட 1879 முதல் அது சந்திப்பு நிலையமாயிற்று. பின்னர்க் காட்பாடிப் பாதையும் திருச்சிப் பாதையும் சேர்ந்தன. இரயில்வே ஊழியர் மாதச் சம்பளக்காரர். சம்பள நாளுக்குப்பின் வரும் ஞாயிறே அவர்களுக்கு அறுப்பு. நகரச் சபை ரொக்கமும், கிராமச் சபை தானியமும் கொடுத்தன. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, 1908 முதல் தென்னிந்திய ஐக்கிய சபையில் மூப்பர் ஆளுகையே அறிந்திருந்த ஆற்காட்டுச் சபைகள் பேராயர் ஆளுகைக்குள் வந்தன. 1976இல் வேலூர்ப் பேராயம் தனியே பிரிந்தது. பேராயத்துக்குச் செலுத்தும் பங்கு ரொக்கமாகவே கணக்கிடப்பட்டது. தானியத்தை ரொக்கமாக்கும் கருவியாய் ஏலம் வளர்ந்தது. ஒரு முட்டை நூறு ரூபாய்க்குப் போவதில் மகிழ்ச்சி உண்டு. ஏட்டிக்குப் போட்டியும் உண்டு. ஏலம் கேட்டவர் பெயர் ஒலிபெருக்கியில் மூன்று தரம் ஒலிக்கும். முட்டையைக் கொண்டுவந்த பெண்ணின் பெயரை எவரும் கேட்பதில்லை.

இன்று கூலியும் ரொக்கமாகிவிட்டது. அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. இளைஞர் சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால், பிடியரிசிப் பையில் வருவதும் பெரும்பாலும் அவ்வரிசியே. ‘ஐயா, இதை வாங்க ஆள் இல்லை’ என்று சபைப் பொருளாளர் குறைபடுகிறார். பண்டிகைப் பூசணி சந்தையில் வாங்கியதாய் இருக்கிறது.

நாம் ஊழியம் தொடங்கிய புதிதில், இவ்வட்டாரத்துச் சிறு சபை ஒன்றில் பண்டிகைக் காணிக்கைப் பட்டியலை எழுதும் பொறுப்பு நம்முடையதாயிற்று. முதிய விதவை ஒருத்தி அரைப்படி மல்லாட்டை கொண்டுவந்தாள். நிலமுடையோர் பிடுங்கிச் சென்ற கொல்லையில், மண்ணைக் கிளறி, காய் காயாய்ப் பொறுக்கியது அது என்று பின்னர் அறிந்தோம். ரூத்தைப் பற்றி அன்று காலையில்தான் பிரசங்கித்திருந்தோம். பட்டியலில் பெரிய தொகைகளைப் பெயருடன் எழுதி, எஞ்சியவற்றைக் கூட்டி ‘சில்லறை’ என்று ஒரே வரியில் முடித்தோம். அவள் எழுத்தறியாதவள், ஆகையால் மனம் வருந்தியிருக்கமாட்டாள் என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அச்சபைக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். ஓரங்களைச் செல் அரித்திருந்தது. எனினும் அப்பக்கம் அழியவில்லை. நம் கையெழுத்தில் ‘சில்லறை’ என்ற சொல் தெளிவாகவே நின்றது. அதன் கீழே இடம் இருந்தது. சபையின் முதியவர்களிடம் அவள் பெயரைக் கேட்டோம். ‘உபதேசியார் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பாளே, அந்தப் பாட்டியா?’ என்றார்கள். பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.