செயற்கை ஏற்று முறைகளின் தேர்வு

செயற்கை ஏற்று முறைகள் என்பவை, நிலத்தடிப் பாறையின் இயல்பான அமுக்கம் எண்ணெயைத் தரைவரை உயர்த்தப் போதாத கிணறுகளில், வெளியிலிருந்து சக்தியைச் செலுத்தி அதனை மேலே கொணரும் உபாயங்களாகும். புதிய கிணற்றில் எண்ணெய் தானே பொங்கி எழுவதுண்டாயினும், ஆண்டுகள் செல்லச் செல்லப் பாறையின் அமுக்கம் தணிவதாலும், எண்ணெயோடு கலந்து வரும் நீர் மிகுந்து திரவத் தூணின் பாரம் கூடுவதாலும், அப்பெருக்குத் தளர்ந்து முடிவில் நின்றுவிடுகிறது. 2,000 மீட்டர் ஆழக் கிணற்றை நிரப்பி நிற்கும், 0.85 ஒப்படர்த்தியுள்ள எண்ணெய்த் தூண் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 170 கிலோகிராம் அமுக்கத்தை உண்டாக்கும்; பாறையின் அமுக்கம் 150 ஆகக் குறைந்துவிடின், எண்ணெய் ஓரளவு உயர்ந்து நிற்குமேயன்றித் தரையை எட்டாது. இத்தடையை வெல்லும் வழிகள் இரண்டு: தூணினுள் வாயுவைக் கலந்து அதனை இலேசாக்குவது ஒன்று, பம்பினால் கீழிருந்து தள்ளுவது மற்றொன்று.

முறைகள்

பம்புகளுள் தொன்மையானது தண்டுப் பம்பு. 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய, 69 அடி ஆழமே கொண்ட கிணற்றிலும் எண்ணெய் பம்பினாலேயே எடுக்கப்பட்டது. தரையில் நம் நாட்டு ஏற்ற மரத்தைப்போல் ஒரு விட்டம் ஏறியிறங்க, அதனோடு பிணைத்த எஃகுத் தண்டுகளின் தொடர், ஆழத்திலுள்ள பம்பின் பிஸ்டனை இயக்குகிறது; 1925-இல் டெக்சஸ் மாநிலத்து லஃப்கின் நகரில் வால்ட்டர் டிரவுட் வகுத்த எதிரெடை அமைப்பு இம்முறையைச் செம்மைப்படுத்தியது. அமுக்கம் மிகத் தணிந்த கிணற்றிலிருந்தும் இது எண்ணெயை எடுக்கவல்லது. ஆயினும் ஆழம் மிகுந்தால் தண்டுகளின் சொந்தப் பாரமே அவற்றை முறிக்கும். கிணறு வளைந்து செல்லின், அவை குழாயின் சுவரில் உராய்ந்து தேயும்.

டிஃப்லிஸில் பிறந்த ஆர்மீனியப் பொறியியலறிஞர் அர்மாயிஸ் அருட்யூனாஃப் உருவாக்கிய மூழ்கு மின்பம்பு, 1920-களின் பிற்பகுதியில் கான்சஸ் மாநிலத்து எல் டொராடோ வயலில் தன் ஆற்றலை நிரூபித்தது. மோட்டாரும் பல அடுக்குச் சுழல் பம்பும் கிணற்றினுள்ளேயே நிற்கும் இவ்வமைப்பு நாளொன்றுக்குப் பல்லாயிரம் பீப்பாய் திரவத்தை எழுப்பவல்லதாகையால், நீர் மிகுந்த கிணறுகளுக்குப் பெரிதும் உகந்தது. ஆனால், தன்னைச் சுற்றி ஓடும் திரவத்தாலேயே மோட்டார் குளிர்வதால், ஊற்று மெலிந்த கிணற்றில் அது சூடேறிக் கெடும். பழுதுற்றால் பெரும்பாலும் குழாய்த் தொடர் முழுவதையும் வெளியே எடுக்க நேரும்.

பிரெஞ்சுப் பொறியியலறிஞர் ரெனே முவானோ வகுத்த திருகு பம்பு, ரப்பர் உறையினுள் சுழலும் எஃகுத் திருகினால், பிசுபிசுப்பு மிகுந்த கனத்த எண்ணெயையும் மணலையும் சிரமமின்றி நகர்த்தும். மிகுந்த உஷ்ணத்தை அவ்வுறை தாங்காமையே இதன் பிரதானக் குறை. உயரமுக்கத் திரவத்தால் இயங்கும் ஜெட் பம்பும், வாயுக் கிணறுகளின் அடியில் தேங்கும் நீரை வாயுவின் உந்துதலாலேயே வெளியேற்றும் உலக்கை முறையும் விசேஷத் தேவைகளுக்குரியவை.

வாயு ஏற்று முறையில், உயரமுக்க வாயு குழாய்களுக்கு இடையேயுள்ள வெளி வழியாக இறக்கப்பட்டு, வால்வுகள் மூலம் எண்ணெய்க் குழாயினுள் புகுந்து தூணை இலேசாக்குகிறது. மணலும் வளைவும் இதற்குப் பெரும் இடையூறல்ல. ஆனால் போதிய வாயுவும் அதனை அமுக்கும் யந்திரங்களும் இன்றியமையாதவை. பாறையின் அமுக்கம் மிகத் தாழ்ந்துவிடின் இதன் பயனும் குன்றும்.

தேர்வின் நியதிகள்

இன்ன முறையே சிறந்தது என்று பொதுவில் துணிவது பொருந்தாது. ஆழம், திரவத்தின் அளவு, பாறை அமுக்கம், எண்ணெயின் பிசுபிசுப்பு, மணல், மெழுகு, உஷ்ணம், கிணற்றின் வளைவு, மின்சாரம், பழுது நீக்கும் வசதி ஆகிய யாவும் ஒருங்கே நோக்கத்தக்கவை. இவற்றுள் வாயுவின் நிலை தனிக் கவனத்துக்குரியது. தண்டுப் பம்பினுள் புகுந்தால் வால்வுகளைத் திறக்கவொட்டாமல் செய்தும், சுழல் பம்பினுள் புகுந்தால் ஏற்றத்தை நிறுத்தியும் கேடு விளைக்கும் அவ்வாயுவே, வாயு ஏற்று முறைக்கு மூலப்பொருளாகிறது.

சூழலின் வலிமையை மும்பை ஹை வயல் விளக்குகிறது. 1974-இல் கண்டறியப்பட்டு 1976-இல் உற்பத்தி தொடங்கிய அவ்வயலில், ஏறத்தாழ 75 மீட்டர் ஆழக் கடலின்மேல் நிற்கும் மேடைகளில் தண்டுப் பம்பின் விட்ட யந்திரங்களுக்கு இடமில்லை. ஒரே மேடையிலிருந்து பல திசைகளில் சாய்த்துத் தோண்டிய கிணறுகளில் தண்டுகள் தேய்வது திண்ணம். வாயுவோ எண்ணெயுடனேயே கிடைக்கிறது. ஆகவே அங்கு வாயு ஏற்று முறையே பிரதானமாக அமைந்தது.

கிணற்றின் சுபாவம் காலத்தோடு மாறுவதால், இன்றைய பெருக்குக்கு ஏற்ற யந்திரம் பத்தாண்டுகட்குப் பின் பொருந்தாமற்போகலாம். எனவே, பல்வேறு அடியமுக்கங்களில் பாறை எவ்வளவு சுரக்கும், அதில் குழாயும் பம்பும் எவ்வளவை உயர்த்தும் என்பவற்றைக் கிணற்றின் ஆயுள் முழுமைக்கும் ஒப்பிட்டு, கொள்முதல் விலையோடு சக்திச் செலவையும் பழுதால் உற்பத்தி நிற்கும் காலத்தையும் கூட்டியே நிர்ணயம் செய்தல் வேண்டும். மேலும், மூழ்கு பம்பு நுழையும் விட்டம் கிணற்றுச் சுவரைத் தாங்கும் உறைகுழாயைப் பொறுத்தது. வாயு வால்வுகளுக்குரிய இடங்களையும் குழாய் இறக்கும்போதே அமைத்துவிடலாம். ஆதலின், இத்தேர்வு பெருக்கு நின்ற நாளில் அன்று, கிணற்றை வடிவமைக்கும் நாளிலேயே தொடங்கத்தக்கது.