பழைய கல்லின் படி

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஒரு பக்கம் மலை தெரியும், மறுபக்கம் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேலூர் ரோடு. திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள். மஞ்சப்பையில் பத்திரம், பட்டா, பழைய ரசீது என்று சுமந்துகொண்டு காலையிலேயே ஆட்கள் வந்து இறங்குவார்கள். டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கப்பா பேர்ல இருந்ததுங்க. எப்ப மாத்துனாங்க, யாரு மாத்துனாங்கன்னுதான் தெரியல."

அந்த மாடியறையில் உட்கார்ந்துதான் நான் வேலை பார்க்கிறேன். நிறுவனங்களின் விற்பனை, ஒப்புதல், கமிஷன் கணக்கு எல்லாம் ஓடும் கிளவுட் தளங்களைப் பராமரிக்கும் வேலை. இதில் புரோகிராம் எழுதுவதைவிட அமைப்புகளை மாற்றுவதுதான் அதிகம். ஒரு கட்டத்தில் டிக் போட்டால் ஒரு ஊழியருக்கு ஒரு திரை தெரியும், எடுத்தால் தெரியாது. ஓர் எண்ணை மாற்றினால் ஆயிரம் பேருக்குப் போகும் பணத்தின் பாதை மாறும். இதைத்தான் கான்ஃபிகரேஷன் என்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஓர் எண் மாறிப்போனது. விவசாயப் பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனம். ஐம்பதாயிரத்துக்கு மேலான கமிஷனுக்கு மட்டும் மேலாளர் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. அது எப்படியோ ஐயாயிரம் ஆகிவிட்டது. கிராமத்து ஏஜெண்டுகளின் சின்னத் தொகைகள் எல்லாம் ஒப்புதல் வரிசையில் போய்த் தேங்கின. ஒப்புதல் தரவேண்டியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். பொங்கலுக்கு முன் வரவேண்டிய பணம் யாருக்கும் வரவில்லை.

யார் மாற்றியது என்று பதிவைத் திறந்து பார்த்தோம். 'அட்மின்' என்று இருந்தது. அந்த அட்மின் லாகினை ஐந்து பேர் பகிர்ந்துகொண்டிருந்தோம். மாதக்கணக்கில் அப்படித்தான் ஓட்டினோம், வசதியாக இருந்தது. கடைசியாக அந்தப் பகுதியில் வேலை செய்தவன் என்பதால் டீமிலேயே இளையவன் மேல் பழி விழுந்தது. "அண்ணா, அந்த ரூலை நான் தொடவே இல்லண்ணா" என்றான். நான் பேசாமல் இருந்தேன். அவனைப் பிராஜெக்டிலிருந்து எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் கம்பெனியை விட்டே போய்விட்டான்.

*

அந்த நாட்களில்தான் வந்தவாசி வழியாக உத்திரமேரூர் போனேன். வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். நேரில் நின்றபோதுதான் உறைத்தது, அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் முதலாம் பராந்தகன் காலத்தவை. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. மற்றது 14-ஆம் ஆண்டு, 921. ஒரே சபை, ஒரே தேர்தல் முறை, இரண்டு வருட இடைவெளியில் இரண்டு பதிப்புகள்.

என் தொழில் புத்தி உடனே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஆரம்பித்தது. 919-இல் வாரியத்துக்கு வருபவரின் வயது 30-க்கு மேல், 60-க்குள். 921-இல் அது 35-க்கு மேல், 70-க்குள் என்று ஆகிறது. தகுதியிழப்புப் பட்டியல் நீள்கிறது. கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய இன்னின்ன உறவினரும் வரக்கூடாது என்று ஒவ்வோர் உறவாகப் பிரித்துச் சொல்கிறது. ஓலை எடுக்கும் முறையும் விரிவாகிறது. விவரமறியாத சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். முதல் பதிப்பில் எங்கோ ஓட்டை இருந்து, இரண்டாவதில் அடைத்திருக்கிறார்கள் என்று படிக்கும்போதே தோன்றுகிறது.

வயதை ஏன் உயர்த்தினார்கள் என்று கல்லில் காரணம் இல்லை. ஆனால் பழையதை அழிக்காமல் விட்டதால்தான், ஏன் என்று இன்று நம்மால் கேட்கவாவது முடிகிறது. இரண்டாவதை மட்டும் வைத்திருந்தால், ஆதியிலிருந்தே விதி 35 வயதுதான் என்று நாம் நம்பியிருப்போம்.

மென்பொருளில் இந்தப் புத்தி வர நாளானது. ஒரு நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்துவைக்கும் எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியை பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதியது 1972-இல். இன்று எல்லோரும் பயன்படுத்தும் கிட், லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது, 2005-இல் வந்தது. நிரலுக்கு இதெல்லாம் இருக்க, திரையில் டிக் போட்டு மாற்றும் அமைப்புகளை மட்டும் நாங்கள் நினைவில் வைத்திருந்தோம்.

*

'யார்' என்ற கேள்விக்குச் சோழர்களிடம் இன்னும் தெளிவான பதில் இருந்தது. அரசன் வாயால் சொன்னது உடனே ஆணை ஆகிவிடாது. கேட்டவர் ஒருவர், ஓலையில் எழுதியவர் ஒருவர், சரிபார்த்து ஒப்பமிட்டவர்கள் சிலர், கடைசியில் வரிப்பொத்தகத்தில் ஏற்றியவர்கள் என்று பல கை மாறிப் போகும். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த ராஜராஜனின் செப்பேட்டைப் படித்தால், ஒரே ஊர் தானத்துக்கு இத்தனை அதிகாரிகளின் பெயர்களா என்று அலுப்பாகக்கூட இருக்கும். எனக்கு அலுக்கவில்லை. அதில் ஒரு கையெழுத்துகூட 'அட்மின்' இல்லை.

மூன்றாவது விஷயம் பேக்கப். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி. ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், சுமார் கி.பி. 1012-13, அங்கிருந்த விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொல்கிறான். பிரிக்கும் முன் சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் பொத்தகத்தில் படியெடுத்து வைக்க உத்தரவு. அவை மீண்டும் கல்லில் ஏறியது அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில். இடையில் ஏறத்தாழ 13 வருடம். அரசன் மாறியாயிற்று. நிலம் யாருக்கு, விளக்குக்கு எத்தனை ஆடு என்ற கணக்கெல்லாம் அதுவரை அந்தப் பொத்தகத்தில்தான் இருந்தது. யாரோ அதைக் கரையான் அரிக்காமல் காத்திருக்கிறார்கள்.

கும்பகோணம் பக்கம் திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவி கோவிலைக் கல்லால் எடுத்தபோதும், இருபதுக்கும் மேற்பட்ட பழைய சாசனங்கள் மறுபடி வெட்டப்பட்டன. இதுவும் ஒரு பழைய கல்லின் படி என்று சொல்லியே வெட்டியிருக்கிறார்கள். நகலை நகல் என்று சொல்லும் நேர்மை. எங்கள் வேலூர் ரோட்டிலேயே போய் வேலூரைத் தாண்டினால் வரும் திருவல்லத்திலும், மண்டபத்தைப் பிரித்துக் கட்டியபோது இப்படிப் படியெடுத்து வெட்டிய பல்லவர் காலச் சாசனம் ஒன்று உண்டு.

இடிக்கும் முன் படியெடு என்ற விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் உலகம் 2019 மே 17 அன்று பார்த்தது. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் ஓட்டிய ஒரு டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட், சில வாடிக்கையாளர் நிறுவனங்களில் ஊழியர்களுக்குத் தேவைக்கு மேல் அனுமதிகளைத் திறந்துவிட்டது. அதை அடைக்கப் போனதில், இருந்த அனுமதிகளும் சேர்ந்து போயின. அமைப்புகளின் நகல் சாண்ட்பாக்ஸில் இருந்தவர்கள் அதிலிருந்து எடுத்து வைத்தார்கள். இல்லாதவர்கள் திரும்ப ஒவ்வொரு டிக்காகக் கையால் போட வேண்டியிருந்தது. அந்தத் தளம் யார் எதை மாற்றினார் என்ற பதிவையும் வைத்திருக்கிறது, 180 நாட்களுக்கு. அதற்குமேல் வேண்டுமென்றால் நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

கல்லும் சாசுவதம் இல்லைதான். திருப்பணி என்ற பெயரில் மணலை வீசிச் சுத்தம் செய்து எழுத்து மழுங்கிய சுவர்கள் நம் கோவில்களில் எத்தனையோ. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை 1898-இல் தொல்லியல்காரர்கள் காகிதத்தில் படியெடுத்தார்கள். அந்தக் கல்லுக்கும் ஒரு பேக்கப் தேவைப்பட்டது.

*

அந்த ஐயாயிரத்தை மாற்றியது நான்தான்.

பழைய லேப்டாப்பைத் துடைக்கும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் கிடைத்தது. ஒப்புதல் வேலை செய்கிறதா என்று சோதிக்க எண்ணைக் குறைத்திருக்கிறேன், அதே அட்மின் லாகினில். சாண்ட்பாக்ஸ் என்று நினைத்து நிஜத் தளத்தில். திருப்பி வைக்கவில்லை. மாற்றியதாக ஞாபகமே இல்லை. பழைய எண் எங்கும் எழுதப்படவில்லை, அதனால் எனக்குள்ளும் அது இல்லை.

டீம் லீடிடம் சொன்னேன். "இப்ப சொல்லி என்னய்யா ஆகப்போவுது" என்றார். அவனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நானே ஒருவேளை தெரியாம மாத்திட்டேனோன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேண்ணா" என்றான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாற்றப் பதிவு என்றால் திருடனைப் பிடிக்க என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தவறு செய்யாதவன் தன்னையே சந்தேகிக்காமல் தூங்குவதற்கும் அது வேண்டும்.

இப்போது நான் பார்க்கும் எந்தத் தளத்திலும் ஆளுக்கொரு லாகின். தினம் ராத்திரி அமைப்புகள் எல்லாம் கோப்புகளாக இறங்கி கிட்டில் சேர்கின்றன. மாறியிருந்தால் காலையில் பழைய வரியும் புதிய வரியும் அடுத்தடுத்து நிற்கும், 919-ம் 921-ம் போல. மாற்றுகிறவர் ஏன் மாற்றினார் என்று ஒரு வரி எழுத வேண்டும். மாதத்தில் ஒருநாள், எடுத்துவைத்த நகலிலிருந்து ஒரு சோதனைத் தளத்தைத் திரும்பக் கட்டிப் பார்ப்போம். திரும்ப வெட்ட முடியாத படி இருந்தும் பயனில்லை.

நாளை திங்கட்கிழமை. விடிந்தால் மஞ்சப்பைகள் வந்துவிடும்.